சிறகு நனையாமல் போ

மயாமி
12 செப்டம்பர் 1999

அம்மா, ஆசீர்வாதம்.

நான் போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ஜனவரியிலிருந்து எட்டு மாதமாக இப்படித்தான். உங்கள் முழங்கால் வீங்கியதும் கோழிகளைக் கொடுத்துவிட்டதும் பக்கத்து வீட்டு செஞ்சா அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. தாளைப் பாதியில் வைத்துவிட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

களைத்துப் போயிருக்கிறேன் அம்மா. இரண்டாவது ஆல்பத்தை நவம்பர் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். ஒன்பது பாட்டு பாடி முடித்துவிட்டேன். கம்பெனிக்காரர் பெல்ட்ரான் ஒன்பதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து, "நல்லாத்தான் இருக்கு. 'அலைகள்' எங்க?" என்றார்.

"அது போன ஆல்பத்துல இருக்குங்க" என்றேன்.

"அது தெரியாதா எனக்கு? அதோட தங்கச்சி எங்கன்னு கேக்கிறேன்."

அன்றிலிருந்து ஸ்டுடியோவில் எல்லோரும் தங்கச்சியைத் தேடுகிறார்கள். இசை அமைக்கிற ஃபெர்மின் ஒரே வரியை முப்பத்தொரு தடவை பாட வைக்கிறார். ஒவ்வொரு தடவையும் 'அலைகள்' பாட்டைப் போட்டுக் காட்டுகிறார். "இதுல இருக்கிற அந்தக் குரல் எங்க போச்சு, டாலிஸ்?" என்கிறார். நானே என்னைப் போலப் பாட வேண்டியிருக்கிறது. தேனும் இஞ்சியும் குடித்துக் குடித்து நாக்கு மரத்துவிட்டது.

'அலைகள்' உங்களிடமிருந்து வந்தது. கொல்லையில் துணி அலசும்போது நீங்கள் வாய்க்குள் பாடியதைக் கேட்டு ஐந்து வயதில் பிடித்துக்கொண்டது. அட்டையில் உங்கள் பெயரைப் போடாமல் 'நாட்டுப்பாடல்' என்று போட்டார்கள். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு நான் வந்து அதைப் போட்டுக் காட்டியபோது நீங்கள் ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது அதனால்தான் என்று எனக்குப் புரிகிறது. இந்த முறை உங்கள் பெயரைப் போட வைப்பேன்.

அதே கொல்லையில் இன்னொரு பாட்டும் பாடுவீர்கள். "வெண்மையே, உன் முன்னே சூரியன் தோற்கும்" என்று தொடங்கும். நாலு வரிதான் நினைவிருக்கிறது. மீதியை எழுதி அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் கம்பெனி தன்னிடம் இருக்கிற தயார்ப் பாட்டுகளில் ஒன்றை என் வாயில் திணித்துவிடும்.

உங்கள் மகள்,
இடாலிஸ்


உத்துவாதோ
27 செப்டம்பர் 1999

இடாலிஸ்,

ஆசீர்வாதம் கேட்டிருக்கிறாய். அது இந்தக் கடிதத்தில் இல்லை. கடைசி வரைக்கும் தேடாதே.

போனை ஏன் வைக்கிறேன் என்றால், போனில் சொன்னதை நீ பிறகு இல்லை என்பாய். 1987 ஆகஸ்டு மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, செஞ்சா வீட்டுப் போனில் "நர்ஸ் படிப்புல சேர்ந்துட்டேம்மா, சத்தியம்" என்றாய். அதே வாரம் சான் ஹுவானில் ஒரு ஹோட்டலில் தொப்புள் தெரியப் பாடிக்கொண்டிருந்தாய். பார்த்துவிட்டு வந்து சொன்னவன் ரொட்டிக் கடை நாண்டோ. அவன் செத்துவிட்டான், ஆனாலும் அவன் சொன்னது அப்படியே இருக்கிறது. எனக்கு மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம், அப்புறம் காபிப் பழக் கூடை. மறக்கிறதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பெயர் விஷயம். நான் வைத்த பெயர் இடாலிஸ். அட்டையில் 'டாலிஸ்' என்று இருக்கிறது. தலையை வெட்டிவிட்டு உடம்பை விற்கிறார்கள், நீயும் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உன் அண்ணன் விஸோவுடைய பிள்ளைகள் உன்னை "டாலி அத்தை" என்கிறார்கள். நான் அந்தப் பெயர் காதில் விழுந்தால் திரும்பிப் பார்ப்பதில்லை.

'நாட்டுப்பாடல்' என்று போட்டது எனக்குக் கவலை இல்லை. என் பெயரைப் போடாதே. நீ அதைத் தப்பாகப் பாடியிருக்கிறாய். தப்புப் பாட்டுக்கு அடியில் என் பெயர் எதற்கு?

இன்னொரு பாட்டு கேட்டாயே, வெண்மை, சூரியன் என்று. அது ரேடியோவில் வந்த சோப்பு விளம்பரம். மீதி நாலு வரியில் கட்டியை இரண்டாக வெட்டிப் பாதியைக் காயவைக்கச் சொல்லும்.

முழங்கால் பரவாயில்லை. செஞ்சாவுக்கு வாய் நீளம்.

உன் தாய்,
ஒப்துலியா


மயாமி
9 அக்டோபர் 1999

அம்மா, ஆசீர்வாதம்.

சோப்பு விளம்பரத்துக்கு ஃபெர்மின் இரண்டு நாள் உட்கார்ந்து முரசு சேர்த்திருந்தார். உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். முகத்தில் கைவைத்துக்கொண்டார். பிறகு, "அந்த சோப்பை எங்க அம்மாவும் வச்சிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அழித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஸ்டுடியோவில் நான் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

ஆனால் தப்பு, தப்பு என்கிறீர்களே, எங்கே தப்பு? மெட்டா, தாளமா, சொல்லா? 'அலைகள்' பாட்டைப் பதினேழு நாட்டில் போடுகிறார்கள். உங்கள் ஒரு காதுக்கு மட்டும் அது தப்பு. தப்பு என்று சொல்வீர்கள், இடத்தைக் காட்ட மாட்டீர்கள். சின்ன வயதிலிருந்தே இதுதான். நான் எழுதிக் காட்டினாலும், ஆடிக் காட்டினாலும், முதல் நற்கருணைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்றாலும், நீங்கள் என்னைப் பார்த்ததே இல்லை. என் பின்னால் யாரோ நிற்பது போல என் தோளுக்கு மேலே பார்ப்பீர்கள். நான் திரும்பிப் பார்ப்பேன். அங்கே சுவர்தான் இருக்கும்.

இப்போது பெல்ட்ரானும் அப்படித்தான் பார்க்கிறார். நான் பாடிக்கொண்டிருக்கிறேன், அவருக்குப் பழைய பாட்டு கேட்கிறது. எனக்கு இருபத்தொன்பது வயதாகிறது. அறுபது வயதுபோல் முதுகு வலிக்கிறது.

பாட்டு வேண்டாம். தப்பு என்ன என்று மட்டும் எழுதுங்கள்.

இடாலிஸ்


உத்துவாதோ
24 அக்டோபர் 1999

இடாலிஸ்,

கேட்டுவிட்டாய். எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

1958 மே 11, ஞாயிற்றுக்கிழமை. அன்னையர் தினம் என்று பூசையில் பாதிரியார் ஆளுக்கொரு பூ கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். எனக்கு அப்போது இருபது வயது, ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பூவோடு வீட்டுக்கு வந்தபோது குழந்தை உன் அப்பா மடியில் இருந்தது. நாலு நாள் காய்ச்சல். மூச்சு நின்றிருந்தது, உடம்பு மட்டும் சுட்டது.

அந்தக் காலத்தில் குழந்தை செத்தால் துக்கம் கிடையாது, பாக்கினேதான். உனக்குத் தெரியாது, உன் காலத்தில் இல்லை. பால் மணம் மாறாத பிள்ளை நேரே தேவதையாகிவிடுகிறது என்பார்கள். அதனால் பாட வேண்டும், ஆட வேண்டும், சிரிக்க வேண்டும். மேசையில் வெள்ளை விரிப்பு, குழந்தைக்குத் தாள் கிரீடம், கையைச் சேர்த்துக் கட்டிய நாடா. பாதிரியார் கொடுத்த பூவும் அங்கேதான் போனது. வந்தவர்களுக்குக் காபியும் பாலாடைக் கட்டியும் ரம்மும். குழந்தையின் ஞானத்தாய் புரா என் பக்கத்திலேயே நின்றாள்.

"அழுதியோ, பாத்துக்க. அம்மா கண்ணீர் பட்டா சிறகு நனையும். நனைஞ்ச சிறகோட புள்ள எப்படிடி மேல போகும்?"

குவாத்ரோ கம்பி வாத்தியத்தோடு பாட்டுக்காரர் மொன்செராத்தே வந்தார். பத்தடிப் பாட்டுக்குக் கடைசி அடியை வீட்டார் கொடுக்க வேண்டும். மீதி ஒன்பதையும் பாட்டுக்காரர் நின்ற இடத்திலேயே கட்டி, அந்த அடியில் வந்து இறங்க வேண்டும். "பெத்தவ வாயிலருந்தே வரட்டும். குடும்மா" என்றார். நான் கொடுத்தேன்: "சிறகு நனையாமல் போ."

அவர் பாடினார். எல்லோரும் ஆடினார்கள். நான் அழவில்லை. இதுவரைக்கும் அழவில்லை.

நம் பேச்சில் 'ஆலாஸ்' என்றால் சிறகு, 'ஓலாஸ்' என்றால் அலை. முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். நீ ஐந்து வயதில் துணிக்கொடிக்குக் கீழே நின்று சிறகை அலை என்று கேட்டிருக்கிறாய். அலை என்று வைத்தால் மீதி பொருந்தாது. அதனால் வளர்ந்த பிறகு நீயே மாற்றிக் கட்டியிருக்கிறாய். நான் "போ" என்றேன். நீ "அலையில் நனையாமல் போகாதே" என்று பாடுகிறாய்.

அதை நான் முதலில் கேட்டது போன வருஷம் டிசம்பரில், ஆரெசிபோ போகும் ஷேர் டாக்ஸியில். டிரைவர் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டான். "உங்க மகளாச்சே, பெருமையா இல்ல?" என்றான். பாதி வழியில் இறங்கி நடந்தேன். முழங்கால் அன்று போனதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தையின் பெயர் இடாலிஸ். பன்னிரண்டு வருஷம் கழித்து நீ பிறந்தாய், அந்தப் பெயரை உனக்கு வைத்தேன். சுவரில் யார் நின்றது என்று கேட்டாயே. அவள்தான்.

ஒப்துலியா


மயாமி
4 நவம்பர் 1999

அம்மா, ஆசீர்வாதம். கொடுக்காவிட்டாலும் கேட்பேன்.

உங்கள் கடிதம் வந்த நான்காம் நாள் மொன்டெரேயில் கச்சேரி. 'அலைகள்' பாட்டின் முதல் வரிக்கு மைக்கைத் தூக்கினேன், வாய் வரவில்லை. நான் பாடவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. பதினாலாயிரம் பேர் தாங்களே பாடி முடித்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு "போகாதே, போகாதே" என்றார்கள். பெண்கள் தோளில் தங்கள் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்தார்கள். நான் அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெல்ட்ரானிடம் சொன்னேன், இனி அதைப் பாட மாட்டேன், அதைப் போல இன்னொன்றும் செய்ய மாட்டேன் என்று. காரணமும் சொன்னேன். நல்ல மனிதர்தான். எழுந்து ஜன்னலை மூடினார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, டாலிஸ். ஆனா இதை வெளிய சொல்லாத. ஆடினவங்க எல்லாருக்கும் சங்கடமா போயிடும்" என்றார். பிறகு தயார்ப் பாட்டுகள் இருக்கிற பெட்டியைத் திறந்தார்.

நவம்பர் 30 கெடு. பத்தாவது பாட்டு தயார்ப் பாட்டுதான், கோடைக்காலம் பற்றியது. பதினொன்றாவது இடம் காலியாக இருக்கிறது. அங்கேயும் ஏதாவது ஒரு கோடைக்காலத்தை வைத்துவிடுவார்கள். பரவாயில்லை. உங்களிடம் இனி எதுவும் கேட்க மாட்டேன். தெரியாமல் எடுத்ததே போதும்.

அவளுடைய பெயரோடு இருபத்தொன்பது வருஷம் நடந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அம்மா.

இடாலிஸ்


உத்துவாதோ
15 நவம்பர் 1999

இடாலிஸ்,

உன் கடிதத்தை செஞ்சா படித்துக் காட்டுகிறேன் என்றாள். கொடுக்கவில்லை. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்று நாள் ஆனது.

ஒன்றை நான் சொல்லாமல் விட்டேன். விட்டதும் ஒரு பொய்தான்.

மொன்செராத்தே கடைசி அடி கேட்டபோது என் வாயில் முதலில் வந்தது "போ" இல்லை. "போகாதே" என்றுதான் வந்தது. "போகா" வரைக்கும் சொல்லிவிட்டேன். புரா என் தொடையைக் கிள்ளினாள், விரிப்புக்கு அடியில் யாருக்கும் தெரியாமல். நான் நிறுத்திக்கொண்டேன். மொன்செராத்தே, "என்னம்மா, திருப்பிச் சொல்லு" என்றார். அப்போதுதான் "போ" என்றேன். சிறகு, நனைவது எல்லாம் புரா சொன்னதை அப்படியே கோத்துக் கொடுத்தது. நல்ல அடி என்று எல்லோரும் சொன்னார்கள். கன்றிப் போன இடம் ஒன்பது நாள் இருந்தது. புரா 1981இல் செத்தாள். அவள் அடக்கத்துக்கு நான் போகவில்லை. முட்டை வாங்கினதில் சண்டை என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். முட்டை இல்லை.

நாற்பது வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை ஷேர் டாக்ஸியில் முரசோடு நீ பாடுகிறாய். யார் உனக்குச் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. உன்மேல் கோபம் வந்தது தப்பாகப் பாடியதால் இல்லை. அதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன், எனக்கு எழுதப் பிடிக்கவில்லை.

அந்தப் பாட்டைப் பாடு. பாக்கினேயில் ஆடத்தான் செய்வார்கள், ஆடாமல் இருந்தால்தான் தப்பு. பதினாலாயிரம் பேர் வந்து ஆடினார்கள் என்றால் அவளுக்குக் கிடைத்தது பெரிய பாக்கினே. அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் முப்பத்தாறு பேர்.

நீ பதினோராம் மாதத்தில் நடந்தாய். உன் அப்பா எலாடியோ கை தட்டினார். "அவ இருந்திருந்தா பத்துலயே நடந்திருப்பா" என்றேன். அவர் என்னை அடிக்காமல் வெளியே போனார். அதற்கப்புறம் வாயால் சொல்லவில்லை, கண்ணால் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. பெல்ட்ரானிடம் சொல், தங்கச்சி அக்காளைப் போல இருக்க மாட்டாள் என்று. இரண்டு பேரையும் பெற்றவள் சொன்னாள் என்று சொல்.

என்னிடம் வேறு பாட்டு எதுவும் இல்லை. துணி அலசும்போது அந்த ஒன்றும் சோப்பும்தான். அந்தக் காலி இடத்துக்கு நான் கடைசி அடி தருகிறேன். மற்ற ஒன்பதையும் நீ கட்டு. நீ என்ன கட்டினாலும் இங்கே வந்துதான் இறங்க வேண்டும். இது உனக்கு மட்டும் கொடுத்தது, அவளுக்கு இல்லை.

"நனைந்தாலும் வீட்டுக்கு வா."

ஒப்துலியா


மயாமி
3 டிசம்பர் 1999

அம்மா,

இதோடு ஒரு கேசட் அனுப்புகிறேன். செஞ்சா அத்தை வீட்டு டேப்பில் போட்டுக் கேளுங்கள்.

ஒன்பது அடி கட்ட எனக்குப் பதினோரு நாள் ஆனது. மொன்செராத்தே நின்ற இடத்தில் கட்டினார் என்று எழுதியிருந்தீர்கள், நான் குளியலறையிலும் காரிலும் பல் மருத்துவர் நாற்காலியிலும் கட்டினேன். ஃபெர்மின் முதலில் முரசு சேர்த்தார். பிறகு அவரே எடுத்துவிட்டார். கயே ஊரைச் சேர்ந்த ஒருவர் வந்து குவாத்ரோ வாசித்தார், அது போதும் என்று விட்டுவிட்டோம். நான் ஒன்பதாம் அடி வரைக்கும் ஒழுங்காகப் பாடினேன். பத்தாவதில் குரல் உடைந்தது. "இன்னொரு தடவை பாடலாமா?" என்று ஃபெர்மின் கேட்டார். வேண்டாம் என்றேன். முப்பத்தொரு தடவை பாட வைக்கிறவர் விளக்கை அணைத்தார்.

பெல்ட்ரான் கண்ணைத் திறந்துகொண்டே கேட்டார். "இது தங்கச்சி இல்ல" என்றார். நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "இதுக்கு யாரும் ஆட மாட்டாங்க, டாலிஸ். ரேடியோவுக்கும் போகாது" என்றார். கடைசிப் பாட்டாக, பதினொன்றாவதாக வைத்திருக்கிறார்கள். விளம்பரமெல்லாம் கோடைக்காலத்துக்குத்தான். மூன்றாவது ஆல்பம் இருக்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

முன்னட்டையில் டாலிஸ்தான், மாற்ற முடியவில்லை. உள்ளே, அந்தப் பாட்டுக்குக் கீழே மட்டும் இடாலிஸ் என்று என் முழுப் பெயரும் இருக்கிறது. பக்கத்தில், "கடைசி அடி: ஒப்துலியா." தப்புப் பாட்டு இல்லை என்று நினைக்கிறேன், அதனால் போட்டேன்.

ஜனவரி ஐந்தாம் தேதி வருகிறேன். ஒலிபெருக்கி கொண்டு வர மாட்டேன். தூங்க வேண்டும் அம்மா.

இடாலிஸ்


உத்துவாதோ
21 டிசம்பர் 1999

இடாலிஸ்,

கேசட்டைக் கேட்டேன். செஞ்சாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன். ஏழாவது அடியில் மூச்சு எடுக்கிற இடம் தப்பு. கடைசி அடியில் குரல் உடைந்தது என்று எழுதியிருந்தாய். உடைந்தது மாதிரி எனக்குத் தெரியவில்லை. நான் அங்கே சரியாகக் கேட்கவில்லை, என் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். கண்ணீர் இல்லாமல் மூக்கு மட்டும் ஒழுகாது என்று செஞ்சா ஜன்னல் வழியாகச் சொல்கிறாள். அவள் வெளியே போகவில்லை.

டிசம்பர் மூன்றாம் தேதிக் கடிதத்தில் நீ ஆசீர்வாதம் கேட்கவில்லை. இதை நான் மறக்க மாட்டேன். கேட்காதவர்களுக்கு நான் கொடுத்ததும் இல்லை. இருந்தாலும், கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

வாழையிலையில் மடித்த பாஸ்டெலஸ் நாற்பது செய்து வைத்திருக்கிறேன். விஸோவுடைய பிள்ளைகளிடம் உன் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். சின்னதற்கு இன்னும் நாக்கு புரளவில்லை.

இங்கே மழை விடவில்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டி வராது. கடைசி வளைவிலிருந்து நீ நடந்துதான் வர வேண்டும். குடை தேடிக்கொண்டு நிற்காதே.

அம்மா